அடுத்த ஏழு காலைகள்: பல படி முன்கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சிப்பாறை அணையில் நாளைக் காலை எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று சொல்வது ஒரு வேலை. அடுத்த ஏழு காலைகளுக்கும் வரிசையாகச் சொல்வது வேறு வேலை. ஒவ்வொரு காலையும் ஒரு படி என்பதால் இதைப் பல படி முன்கணிப்பு என்கிறோம். முதலாவதைக் கற்றவர்கள், அதையே ஏழு தடவை செய்தால் இரண்டாவதும் வந்துவிடும் என்று நினைத்துத் தொடங்குகிறார்கள். நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்களுக்கும் வேலைக்குப் போகும் சில இளைஞர்களுக்கும் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் நம் மாவட்டத்துச் சங்கதிகள்: அணை, பூ, ரப்பர், காற்றாலை.

ஒரு நாள் முன்கூட்டிச் சொன்னால் போதாதா?

என் பெரியப்பாவின் வயல் தோவாளைச் சானலின் கடைமடையில் இருக்கிறது. கும்பப்பூ நெல் பால் பிடிக்கும் சமயத்தில் போன் செய்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: "மக்களே, தண்ணி இன்னும் எத்தன நாளைக்கு வரும்?" நாளைக்கு வருமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது சானல் கரையில் போய் நின்றாலே தெரிந்துவிடும். உரம் போடுவதா, மோட்டார் வாடகைக்குச் சொல்லிவைப்பதா என்று முடிவெடுக்க அவருக்கு ஐந்தாறு நாள் முன்கூட்டித் தெரிய வேண்டும்.

எத்தனை படி கணிப்பது என்பது அந்த முடிவிலிருந்துதான் வர வேண்டும். எடுத்த எடுப்பில் "முப்பது நாள் கணிக்கிறேன்" என்று வருகிறவர்களிடம், முப்பதாவது நாளின் எண்ணை வைத்து யார் என்ன செய்யப் போகிறார் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது.

எண்களின் வரிசையை மாடலுக்கு எப்படிக் கொடுப்பது?

மாடல் என்பது பழைய எண்களிலிருந்து கற்றுக்கொண்டு வரப்போகும் எண்ணைச் சொல்லும் நிரல். அதற்குக் கொடுக்க, வரிசையை வெட்டி அட்டவணையாக்க வேண்டும். பத்து நாள் எண்கள் இருக்கின்றன என்று வையுங்கள்: 12, 13, 15, 14, 16, 17, 17, 18, 16, 15. முந்தைய மூன்று நாளைப் பார்த்து அடுத்த இரண்டு நாளைச் சொல்ல வேண்டும். முதல் வரியில் உள்ளீடு 12, 13, 15. விடை 14, 16. ஒரு நாள் நகர்ந்தால் இரண்டாம் வரி: உள்ளீடு 13, 15, 14, விடை 16, 17. இப்படியே போனால் ஆறு வரி கிடைக்கும். பத்திலிருந்து மூன்றையும் இரண்டையும் கழித்து ஒன்றைக் கூட்டினால் ஆறு. ஓராண்டின் 365 நாளில், 14 நாள் பார்த்து 7 நாள் சொல்வதானால் 345 வரிகள்.

345 என்பது பெரிய எண்போலத் தெரியும். ஆனால் பக்கத்துப் பக்கத்து வரிகள் பெரும்பகுதி ஒரே எண்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தனித்தனியான 345 அனுபவங்கள் மாடலுக்குக் கிடைத்துவிட்டன என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே ஒரு தென்மேற்குப் பருவத்தையும் ஒரே ஒரு வடகிழக்குப் பருவத்தையும்தான் அது பார்த்திருக்கிறது.

பல படி கணிக்க என்னென்ன வழிகள் உண்டு?

அடிப்படையில் மூன்று.

முதலாவது, சுழற்சி முறை. நாளையை மட்டும் சொல்லும் ஒரே மாடல். அது சொன்ன விடையையே உண்மையான அளவுபோல உள்ளே திருப்பிக் கொடுத்து மறுநாளைக் கேட்பது. அதையும் உள்ளே கொடுத்து அதற்கடுத்த நாள். எத்தனை படி வேண்டுமானாலும் போகலாம்.

இரண்டாவது, நேரடி முறை. முதல் நாளுக்கு ஒரு மாடல், இரண்டாம் நாளுக்கு இன்னொன்று, ஏழு நாளுக்கு ஏழு மாடல். ஒவ்வொன்றும் உண்மையாக அளந்த எண்களை மட்டுமே பார்க்கிறது. ஆனால் ஏழும் ஒன்றையொன்று கலந்து பேசுவதில்லை. மூன்றாம் நாள் ஏறி, நான்காம் நாள் காரணமில்லாமல் இறங்கி, ஐந்தாம் நாள் மறுபடி ஏறும் விடைகள் வரலாம்.

மூன்றாவது, ஒரே மாடல் ஏழு எண்களையும் ஒரே மூச்சில் தருவது. அடுக்கடுக்கான கணக்குகளால் கற்கும் நியூரல் நெட்வொர்க்கில் இது இயல்பு. கடைசி அடுக்கில் ஏழு வெளியீடு வைத்தால் போதும். பல முடிவு மரங்களின் விடையைச் சராசரி எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்டும் இதைத் தானாகவே செய்யும்.

இவற்றைக் கலந்தும் செய்யலாம். நேரடி முறையில் இரண்டாம் நாள் மாடலுக்கு முதல் நாள் மாடலின் விடையையும் கூடுதல் உள்ளீடாகக் கொடுப்பது ஒரு கலப்பு. 2020-இல் நடந்த எம்5 என்ற முன்கணிப்புப் போட்டியில் வால்மார்ட் கடைகளின் விற்பனையை 28 நாளுக்கு முன்கணிக்கச் சொன்னார்கள். அதில் முதலிடம் பெற்ற முறை, சுழற்சி மாடல்களின் விடையையும் நேரடி மாடல்களின் விடையையும் சேர்த்துச் சராசரி எடுத்ததுதான்.

சுழற்சி முறையில் போகப் போக ஏன் விலகுகிறது?

ஒரு எளிய மாடலை எடுத்துக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேற்று மட்டம் எவ்வளவு உயர்ந்ததோ அதில் பத்தில் எட்டுப் பங்கு இன்று உயரும். மாடல் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

நேற்று 40.0 அடி, இன்று 40.5 அடி. உயர்வு 0.5. நாளை 0.4 உயர்ந்து 40.9. மறுநாள் 0.32 உயர்ந்து 41.22. அதற்கடுத்து 0.256 உயர்ந்து 41.476.

இப்போது இன்றைய அளவைக் குறித்தவர் 40.5-க்குப் பதில் 40.6 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். பிழை 0.1 அடி, ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு. உயர்வு 0.6 ஆகிறது. நாளை 41.08, மறுநாள் 41.464, அதற்கடுத்து 41.771. வித்தியாசத்தைப் பாருங்கள்: 0.1-இல் தொடங்கியது முதல் படியில் 0.18, இரண்டாவதில் 0.244, மூன்றாவதில் 0.295. ஏழாம் நாளில் 0.416. மாடல் எங்கேயும் தப்புச் செய்யவில்லை. உள்ளே போன சின்னப் பிழையை அது நான்கு மடங்காக்கி வெளியே தந்திருக்கிறது.

இது அளவில் வந்த பிழை. மாடலுக்கும் சொந்தப் பிழை உண்டு. முதல் நாள் விடையில் இருக்கும் பிழை இரண்டாம் நாளுக்கு உள்ளீடாகப் போகிறது. பயிற்சியின்போது மாடல் பார்த்ததெல்லாம் உண்மையான அளவுகள். வேலையில் இறங்கியதும் அது பார்ப்பது தன்னுடைய ஊகங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிக்கு யாரும் அதைப் பழக்கவில்லை. ஒரு வரிசையைப் பார்த்து இன்னொரு வரிசையைத் தரக் கற்கும் நியூரல் நெட்வொர்க்குகளிலும் இதே சிக்கல் வருகிறது. அதனால்தான் பயிற்சியின் நடுவிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உண்மை எண்ணை எடுத்துவிட்டு மாடலின் சொந்த விடையை ஊட்டிப் பழக்கும் முறை ஒன்றை 2015-இல் முன்வைத்தார்கள்.

அப்படியானால் எந்த முறையை எடுப்பது?

நான் தொடங்குவது நேரடி முறையில். ஏழெட்டு படிதான், எண்களும் தினசரி எண்கள் என்றால் ஏழு சின்ன மாடல்களைப் பயிற்றுவிக்கச் சாதாரண லேப்டாப்பில் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொரு நாளின் பிழையும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் என்பது எனக்கு அதைவிட முக்கியம். தரவு மிகக் குறைவாக இருந்தால் சுழற்சி முறை நல்லது, ஏனென்றால் ஒரே மாடலைத்தான் கற்பிக்க வேண்டும். படிகள் நூற்றை நெருங்கினால் ஒரே மூச்சில் தரும் மாடல்.

எந்த மென்பொருள்?

பைத்தானில் சைகிட்-லேர்ன் என்ற நிரல் தொகுப்பு போதும். அதிலுள்ள மல்டிஅவுட்புட்ரெக்ரசர், பெயரைப் பார்த்தால் ஒரே மாடல்போலத் தோன்றினாலும், ஒவ்வொரு படிக்கும் தனி மாடலைத்தான் உள்ளே கட்டுகிறது. அதாவது நேரடி முறை. ரெக்ரசர்செயின் என்பது மேலே சொன்ன கலப்பு முறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். சுழற்சியா நேரடியா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியைத் தயாராகவே தருவது ஸ்கைஃபோர்காஸ்ட். ஹோல்ட்-வின்டர்ஸ், அரிமா போன்ற பழைய புள்ளியியல் முறைகளுக்கு ஸ்டாட்ஸ்மாடல்ஸ். நியூரல் நெட்வொர்க் வேண்டுமென்றால் கேராஸ் அல்லது பைடார்ச். கல்லூரி லேபில் வேகா மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கும் நேரத்தொடர் (காலவாரி எண் வரிசை) பொதி உண்டு. அது சுழற்சி முறையில் கணிக்கும்.

எல்எஸ்டிஎம் இல்லாமல் முடியுமா? புராஜெக்ட்டில் அதைத்தானே எதிர்பார்க்கிறார்கள்?

முடியும். பெரும்பாலும் அதுவே நல்லது. எல்எஸ்டிஎம் என்பது முன்னால் பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வகை நியூரல் நெட்வொர்க். 1997-இல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் எழுதியது, அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் 2018-இல் 1,00,000 தொடர்களை வைத்து நடந்த எம்4 போட்டியில், மெஷின் லேர்னிங்கை மட்டும் நம்பி வந்த முறைகள் எளிய புள்ளியியல் முறைகளின் சராசரியைக்கூட முந்தவில்லை. வென்ற முறை, அண்மை எண்களுக்குக் கூடுதல் எடை தரும் பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங்கையும் நியூரல் நெட்வொர்க்கையும் இணைத்தது. 2022-இல் வந்த ஓர் ஆய்வு, நெடுந்தூரக் கணிப்புக்கென்று செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெரிய நியூரல் நெட்வொர்க் மாடல்களை, வழக்கமான சோதனைத் தரவுகளில், ஒரே அடுக்கு நேர்கோட்டு மாடல் முந்துவதைக் காட்டியது.

மூன்று ஆண்டு தினசரி எண்கள் என்றால் ஆயிரத்துச் சொச்சம்தான். அதில் எல்எஸ்டிஎம்மை இறக்கினால் அது மனப்பாடம் செய்யும். முதலில் நேர்கோட்டு மாடல், பிறகு மர மாடல் (ரேண்டம் ஃபாரஸ்ட் போன்றது), அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மற்றது. மர மாடல் எடுத்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: பயிற்சியில் கண்ட உச்ச அளவைத் தாண்டிப் போகும் போக்கை அதனால் பின்தொடர முடியாது. ஆகவே மட்டத்தைக் கணிக்கச் சொல்லாமல், இன்றையதிலிருந்து எவ்வளவு மாறும் என்பதைக் கணிக்கச் சொல்லுங்கள்.

மழை அளவைச் சேர்த்தால் கணிப்பு மேம்படுமா?

மேம்படும். ஆனால் நான் மிகவும் அடிபட்ட இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதன்முதலாக அணை மட்டத்துக்கு மாடல் செய்தபோது, மழையையும் மட்டத்தையும் தேதிவாரியாக ஒரே தாளில் ஒட்டினேன். ஏழு நாளுக்கும் பிழை மிகக் குறைவு. இரண்டு வாரம் அந்த மகிழ்ச்சி இருந்தது. பிறகு உண்மையான நாட்களில் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோது இரண்டு தப்புகள் தெரிந்தன.

ஒன்று, மழைமானியில் காலை 8.30-க்கு அளக்கிறார்கள். 15-ஆம் தேதி என்று குறித்திருக்கும் மழை, 14-ஆம் தேதி காலை 8.30 முதல் 15-ஆம் தேதி காலை 8.30 வரை பெய்தது. நான் அதை 14-ஆம் தேதி பெய்த மழை என்று எடுத்துக்கொண்டு, ஒரு நாள் முன்னே தள்ளி 14-ஆம் தேதி காலை மட்டத்தோடு ஒட்டியிருந்தேன். அதாவது 14-ஆம் தேதி காலையில் நின்றுகொண்டு நாளைய மட்டத்தைச் சொல்ல வேண்டிய மாடலுக்கு, அதற்குப் பிறகு பெய்த மழையை முன்னமே காட்டிவிட்டேன்.

இரண்டாவது இன்னும் பெரியது. வரும் ஏழு நாளின் மழையையும் உள்ளீடாக வைத்திருந்தேன், அளந்த மழையாக. பயிற்சியில் அது கையில் இருக்கும். உண்மையில் கணிக்கும் நாளில் இருக்காது. அன்று கிடைப்பது வானிலை அறிக்கையின் மழை, அது பிசகும். ஆகவே எதிர்கால மழையைக் கொடுப்பதானால், அந்தந்த நாளில் வெளியான பழைய வானிலைக் கணிப்புகளைச் சேகரித்து அவற்றைக் கொண்டே பயிற்றுவியுங்கள். அவை கிடைக்காவிட்டால் கடந்த நாட்களின் மழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அணைக்கென்றே இன்னும் இரண்டு. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. அணை மேலே போகப் போக அகலும். 20 அடியில் ஓரடி ஏறத் தேவையான தண்ணீரைவிட 40 அடியில் ஓரடி ஏற அதிகத் தண்ணீர் வேண்டும். ஆகவே அடியைக் கன அளவாக மாற்றிக் கணித்துவிட்டு மறுபடி அடிக்கு வருவது நல்லது. மற்றொன்று, ஷட்டரைத் திறப்பது மனிதர்கள். மறுகால் (உபரிநீர் வழி) திறந்துவிட்டால், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடும் அளவுக்குக் கோதையாற்றில் வெள்ளம் போகும். மட்டம் ஒரே நாளில் திசை மாறும். வெளியேற்றும் அளவை உள்ளீடாகச் சேர்க்காத மாடல், அந்த நாட்களில் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

தோவாளைப் பூ விலையைக் கணிக்கலாமா?

கணிக்கலாம். இங்கே ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது: எதிர்காலத்தின் ஒரு பகுதி முன்கூட்டியே காலண்டரில் அச்சாகியிருக்கிறது. முகூர்த்த நாள், பொங்கல், கேரளத்துக்குப் பூ ஏறும் ஓணம், எல்லாம் தேதியோடு தெரியும். மழையைப்போல இவற்றில் ஊகம் இல்லை. "ஐந்தாம் நாள் முகூர்த்தமா?" என்பதை ஐந்தாம் நாள் மாடலுக்கு உள்ளீடாகத் தாராளமாகக் கொடுக்கலாம். நேரடி முறையில் இது கச்சிதமாக உட்காரும்.

ஓணம் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஆகவே "ஆகஸ்ட் மாதம்" என்று கொடுப்பதில் பயன் இல்லை; "திருவோணத்துக்கு இன்னும் எத்தனை நாள்" என்று எண்ணிக் கொடுங்கள். பிச்சி, மல்லி, அரளி, கிரேந்தி ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் வையுங்கள். அத்தப்பூ கோலத்துக்குப் போகும் பூவும் தலையில் சூடும் பூவும் ஒரே நாளில் ஒரேபோல ஏறுவதில்லை.

ரப்பர் ஷீட் விலை?

குலசேகரம், அருமனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது. உலகச் சந்தையோடு கட்டுண்ட விலை அது. பழைய விலைகளை மட்டும் வைத்து எந்த மாடல் செய்தாலும், "இன்றைய விலையேதான் நாளையும்" என்ற கணிப்பை முந்துவது மிகக் கடினம். ஷீட்டை விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவை இதை நம்பி எடுக்க வேண்டாம்.

காற்றாலைக்கு 96 படி என்கிறார்களே, அது என்ன?

மின்கட்டமைப்பில் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். 24 மணிக்கு 96 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று முந்தைய நாளே அட்டவணை கொடுக்க வேண்டும். ஆகவே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு இது அன்றாடப் பிழைப்பு.

முதல் சில துண்டுகளுக்கு இப்போது வீசும் காற்றே நல்ல வழிகாட்டி. சில மணி நேரம் தாண்டிவிட்டால் பழைய எண்களில் விடை இல்லை. வானிலை மாடலின் காற்றுக் கணிப்பு வேண்டும். கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும் மே முதல் செப்டம்பர் வரை ஒரு குணம், மற்ற மாதங்களில் வேறு குணம்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகத்தில் 10 சதவீதம் கூடுதலாகக் கணித்துவிட்டால், ஆலை முழுத்திறனை எட்டாத நேரங்களில், ஆற்றல் கணக்கு 33 சதவீதம் கூடிவிடும். ஆகவே வேகத்தில் பிழை குறைவு என்று திருப்திப்பட்டுவிடாமல், மின்சாரமாக மாற்றிய பிறகு பிழையை அளந்து பாருங்கள்.

மாடல் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

தரவைக் குலுக்கிப் பிரிக்கக் கூடாது. குலுக்கினால் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல, திங்களும் புதனும் பயிற்சியில் இருக்கும். அது பார்த்து எழுதுவது. ஒரு தேதிவரை பயிற்சி, அதற்கடுத்த ஏழு நாள் சோதனை. பிறகு தேதியை நகர்த்தி மறுபடி பயிற்சி, மறுபடி சோதனை. இப்படி ஒரு பருவம் முழுக்க நகர்ந்து போக வேண்டும். எண்களைச் சீராக்கப் பயன்படும் சராசரி, விலக்கம் முதலியவற்றையும் அந்தந்தப் பயிற்சிப் பகுதியிலிருந்து மட்டுமே எடுங்கள்.

அடுத்தது, தயவுசெய்து ஏழு நாளின் பிழையையும் கூட்டி ஒரே சராசரியாக எழுதாதீர்கள். நான் மாணவர்களிடம் கண்டிப்பாக இருப்பது இந்த ஒன்றில்தான். முதல் நாள் மிக நன்றாகவும் ஏழாம் நாள் மிக மோசமாகவும் இருக்கும் மாடல், சராசரியில் "பரவாயில்லை" என்று தெரியும். பெரியப்பா உரம் போடும் முடிவை எடுப்பது அந்த ஐந்தாம், ஆறாம் நாளை நம்பி. ஏழு நாளுக்கு ஏழு பிழை, ஏழு வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இன்றைய மட்டமே அன்றும் இருக்கும்" என்ற வெறும் கணிப்பின் பிழையையும் எழுதுங்கள். எந்த நாளில் உங்கள் மாடல் அந்த வெறும் கணிப்பிடம் தோற்கிறதோ, அதற்கு முந்தைய நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு கேட்டிருந்தாலும் நான்கு நாள்தான் தேறும் என்றால் நான்கையே கொடுங்கள்.

ஒரே எண்ணாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்ல முடியுமா?

அப்படித்தான் சொல்ல வேண்டும். சைகிட்-லேர்னின் ஹிஸ்ட்கிரேடியன்ட்பூஸ்டிங் என்ற மர மாடலில் இழப்பை (பிழையை அளக்கும் விதியை) குவான்டைல் என்று வைத்து, 0.1-க்கு (பத்தில் ஒரு தடவை மட்டும் உண்மை அதற்குக் கீழே போகும் எண்) ஒரு மாடலும் 0.9-க்கு (பத்தில் ஒன்பது தடவை உண்மை அதற்குக் கீழே இருக்கும் எண்) ஒரு மாடலும் பயிற்றுவித்தால், பத்தில் எட்டுத் தடவை உண்மை அடங்கும் வரம்பு கிடைக்கும். உண்மையிலேயே எட்டுத் தடவை அடங்குகிறதா என்று சோதனை நாட்களில் எண்ணிப் பாருங்கள். ஐந்துதான் அடங்குகிறது என்றால் வரம்பு பொய். நாள் போகப் போக வரம்பு விரிய வேண்டும். ஏழாம் நாளும் முதல் நாளைப்போலவே ஒடுங்கி இருந்தால் எங்கோ தப்பு.

இதே முறையில் கடல் நிலவரத்தைக் கணித்து மீனவர்களுக்கு ஆப் செய்யலாமா?

வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கரையோரம் போனது. கடலுக்குப் போன பலர் வீடு திரும்பவில்லை. அப்படி ஒரு நாள் உங்கள் பயிற்சித் தரவில் ஒன்றுகூட இருக்காது. இல்லாததை மாடலால் கற்க முடியாது. ஆனாலும் அது தயங்காமல் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும். கடலுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையும் ஹைதராபாத்திலுள்ள, கடல் தகவல் தரும் இன்காய்ஸ் நிறுவனமும் எச்சரிக்கை தருகின்றன. அந்த எச்சரிக்கை குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் உள்ளவர்களுக்கு அவர்கள் பேசும் தமிழில், நேரத்தோடு போய்ச் சேரும்படி ஆப் செய்யுங்கள். அதற்கு என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

விடுபட்ட நாட்களை என்ன செய்வது?

அணை மட்டத்தில் ஓரிரு நாள் விட்டுப்போனால் இரண்டு பக்கமும் பார்த்து நேர்கோட்டில் நிரப்பலாம், பயிற்சிப் பகுதியில் மட்டும். சோதனையில் அப்படி நிரப்பினால் எதிர்காலம் உள்ளே கசியும். அங்கே கடைசியாகத் தெரிந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு இது ஆகாது. இரண்டு மழை நாட்களுக்கு நடுவில் உள்ள நாள் வெயிலாகவும் இருந்திருக்கலாம். மழை விட்டுப்போன நாளை வெற்றாகவே விடுங்கள், மேலே சொன்ன பூஸ்டிங் மாடல் வெற்றிடத்தை அப்படியே ஏற்கும். சுழியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சுழியம் என்றால் மழை பெய்யவில்லை என்று அர்த்தம்.